தவளையின் குரல்

படகு ஓட்டிய நாளில் சீசவாத்தின் காது வீடு வந்து சேரக் கொஞ்ச நேரமாகும். ஆள் முதலில் வந்துவிடுவான். காது பின்னாலேயே மெள்ள வரும். நீளப் படகின் வாலில் உட்கார்ந்து, மூடி போடாத எஞ்சினை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நாம்ஊ என்கிற மலையாற்றில் காலையிலிருந்து சந்தைக்காரர்களையும் அவர்களுடைய கோழிக் கூடைகளையும் ஏற்றி இறக்குகிறவனுக்கு வேறென்ன கதி? கரையேறி, குளித்து, சோற்றுக் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்திருக்கும்வரை மண்டைக்குள் அந்த எஞ்சின் ஓடிக்கொண்டேயிருக்கும். அந்த நேரத்தில் வீட்டில் யார் எது சொன்னாலும் சிரித்து வைப்பான்.

"வீடு தீப்பிடிச்சு எரியுது மாப்ளன்னு சொல்லிப் பாரு. அதுக்கும் பல்லைக் காட்டுவாரு" என்பாள் புவாலா.

புவாலா அவன் மனைவி தவீயின் அக்கா. தாய் தகப்பன் போன பிறகு அந்த வீட்டுக்கு எல்லாம் அவள்தான். ஹாட்கம் ஊரில் கல்யாணமான ஆண்கள் அத்தனை பேரும் வீட்டோட மாப்பிள்ளைகள். அதில் தலைகுனிய ஒன்றுமில்லை. ஆனால் அடுப்படிச் சட்டம் பெண்வீட்டுச் சட்டம். அதற்குள் மாப்பிள்ளை மூக்கை நுழைக்கக் கூடாது. சீசவாத்தும் நுழைத்ததில்லை. ஆற்றில் அவன் ராஜா, வீட்டில் சாது. இரண்டு பேருக்கும் அது சௌகரியமாகவே இருந்தது.

கோடை முடிந்து முதல் மழை பெய்த அன்று தவீக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் போட்ட கூச்சலில் படகுத்துறையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வயலில் ஒரு தவளை பாக்கியில்லாமல் கத்திக்கொண்டிருந்த நேரம், அத்தனையையும் மீறிக் கேட்டது அந்தச் சத்தம். "இது புள்ளையா, தவளையா?" என்றாள் புவாலா. அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

பெயர் அப்படி இருப்பதுதான் நல்லது. பிள்ளை அழகு என்று வாய் தவறிச் சொன்னால் போச்சு. ஒவ்வொரு குழந்தைக்கும் இங்கே பிறப்பதற்கு முன்னால் ஆவி உலகத்தில் ஒரு பழைய அம்மா இருந்திருப்பாள். பிறந்த பிறகும் கண்ணுக்குத் தெரியாமல் தொட்டிலைச் சுற்றிக்கொண்டிருப்பாள். இங்கே கொஞ்சுகிறார்கள் என்று தெரிந்தால் பொறாமையில் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அதனால் பார்க்க வருகிறவர்கள் தொட்டிலை எட்டிப் பார்த்து, "அய்யே, என்ன கோரம்!" என்று முகத்தைச் சுளிப்பார்கள். பெற்றவர்கள் பெருமையில் பூரித்துப் போவார்கள்.

புவாலாவுக்கு அந்தப் பழைய அம்மாவை நன்றாகத் தெரியும். தன்னுடைய இரண்டு பிள்ளைகளை அவளிடம் பறிகொடுத்தவள். இரண்டும் உட்காரக்கூடப் பழகவில்லை. இரண்டாவது போன பிறகு புருஷன் தலைநகரத்தில் வேலை தேடிப் போனான். வேலையோடு வேறு குடும்பமும் கிடைத்துவிட்டது. புவாலா அதைப் பற்றிப் பேசமாட்டாள். ஆனால் தங்கைக்குப் பிரசவம் ஆனதும் அவள் வைத்த பத்தியத்தைப் பார்த்தால் அவள் மனதுக்குள் இருந்த பயம் தெரிந்துவிடும்.

கணகணக்கிற கரியடுப்புப் பக்கத்தில் மூங்கில் கட்டில். அதில் தவீ. குடிக்க மரப்பட்டை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர். தின்ன ஒட்டரிசிச் சோறு, வறுத்த உப்பு, சுட்ட இஞ்சி, சித்தரத்தை. மீன் கூடாது. முட்டை கூடாது. கீரை, பூசணி, பயறு எதுவும் ஆகாது. பன்றிக்கறி என்ற பேச்சே எடுக்கக் கூடாது. ஊரில் மற்றவர்கள் ஒரு மாதத்தில் அடுப்பை அணைத்துவிட்டுப் பத்தியத்தையும் தளர்த்துவார்கள். புவாலா விடவில்லை. பிள்ளை உட்காரும்வரை இப்படித்தான் என்று சொல்லிவிட்டாள்.

அதில் சீசவாத்துக்கு அவள்மேல் மரியாதைதான் கூடியது. உப்பை அவனே வறுப்பான். படகில் மற்றவர்களோடு சுட்ட மீன் தின்ற நாளில், வாடை தவீக்கு எட்டி ஆசை காட்டிவிடக் கூடாதென்று, துறையில் இறங்கி நாக்கைத் தேய்த்து வாய் கொப்பளித்துவிட்டுத்தான் படியேறுவான். ஒருநாள் தவீ கெஞ்சினாள்.

"ஏங்க, ஒரே ஒரு கை வேகவச்ச பயறு. அக்கா வயலுக்குப் போயிருக்கு. யாருக்குத் தெரியப் போவுது?"

"புள்ளைக்குத் தெரியுமே" என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, இன்னும் ஒரு உருண்டை சோற்றில் உப்பைத் தொட்டு அவன் ஊட்டினான். அவ்வளவு பாசம். பாசத்தில் ஒரு குறையும் இல்லை.

தவளை மூன்றாம் மாதத்தில் சமர்த்தாகிவிட்டது. முன்பெல்லாம் பசி வந்தால் கூரை பிய்த்துக்கொண்டு போகும். இப்போது தொட்டிலில் போட்டால் போட்ட இடத்தில் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பொறாமைப்பட்டார்கள். "எங்க வீட்டுச் சனியன் கத்துற கத்துல நாய் ஓடுது. உங்களுதுக்கு வாயே இல்லையே, குடுத்துவச்சவங்க" என்றார்கள். முகத்தைப் புகழக் கூடாது என்று ஏற்பாடு செய்து வைத்திருந்த ஊரில், அமைதியைப் புகழக் கூடாது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. புவாலாவும், "பழைய அம்மா தூங்கப் பண்ணிக்கிட்டிருக்கா. நம்மகிட்ட இருக்கட்டும்னு விட்டுட்டா போல" என்று ஒரு நிம்மதியில் சொன்னாள்.

ஒரு மாலை சீசவாத் படகை விட்டு வந்து தொட்டிலை எட்டிப் பார்த்தான். தவளை அழுதுகொண்டிருந்தது. வாய் ஆவென்று திறந்திருந்தது, கண் இறுக்கி மூடியிருந்தது, நாக்கு துடித்தது. சத்தம்தான் கேட்கவில்லை. அவன் காதுக்குள் சுண்டுவிரலை விட்டு ஆட்டினான். தலையைச் சாய்த்துத் தட்டிக்கொண்டான். உள்ளே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "சரிதான், இன்னிக்கு ரொம்பத்தான் அடைச்சுக்கிச்சு" என்று நினைத்துக்கொண்டு குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தான். மறுநாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். வயசாகிறது, எஞ்சினுக்குச் சத்தம் அடக்கும் குழாய் ஒன்று வாங்கி மாட்ட வேண்டும் என்று முடிவு செய்தான்.

அந்த நாட்களில் ஒரு மாலை, அவன் சோறு தின்றுகொண்டிருக்கும்போது தவீ பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஏதோ சொன்னாள். ரொம்ப நேரம் சொன்னாள். தன் பாதத்தைத் தேய்த்துக் காட்டினாள். தொட்டிலைக் காட்டினாள். அவன் அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தான். அவள் எழுந்து போய்விட்டாள்.

பிறகு அமாவாசை வந்தது. மழைக்கால அமாவாசையில் செத்தவர்களுக்குச் சோறு வைக்கிற நாள். விடியும் முன்னால் வாழையிலையில் சோறும் பழமும் கட்டி, கோயில் மரத்தடியிலும் வேலியோரத்திலும் மண்ணில் வைத்துவிட்டு வருவார்கள். அன்றைக்கு அந்தத் துறையில் யாரும் படகு எடுப்பதில்லை. சீசவாத் நன்றாக விடிந்த பிறகு எழுந்தான். அடைமழை ஓய்ந்து ஊர் துல்லியமாக இருந்தது. யார் வீட்டிலோ உரலில் இடிக்கிற சத்தம், மேலத் தெருவில் சேவல், கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர், கோயில் மணி. காது முழுசாக அவனோடு இருந்தது. அதுவே ஒரு சந்தோஷமாக இருந்தது அவனுக்கு.

எழுந்து தொட்டில் பக்கம் போனான். தவளை அழுதுகொண்டிருந்தது.

வாய் திறந்திருந்தது. கண் மூடியிருந்தது. உதட்டோரம் நீலம் படிந்திருந்தது. விலாவுக்குக் கீழே தோல் உள்ளே போய் உள்ளே போய் வந்தது. அவன் காதில் உரல் கேட்டது. சேவல் கேட்டது. சொட்டுச் சொட்டாக விழுகிற தண்ணீர் கேட்டது. ஒரு முழ தூரத்தில் தன் பிள்ளை முழு மூச்சாக அழுவது மட்டும் கேட்கவில்லை.

"தவீ!" என்று கத்தினான். "புள்ளைக்குக் குரல் எங்க?"

தவீ அடுப்புப் பக்கமிருந்து எழுந்து வந்தாள். கால் மரத்துப் போனவள் மாதிரி சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். குழந்தையை எடுத்து மார்பில் வைத்தாள். அது இரண்டு தடவை சப்பிவிட்டு, மூச்சு வாங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டது. குடித்ததும் வாய்வழியே வந்துவிட்டது.

"நாலஞ்சு நாளா இப்பிடித்தான். குடிக்கவே மாட்டேங்குறா. என் கால்லயும் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, பயமா இருக்குன்னு உங்ககிட்ட சொன்னேனே. சிரிச்சீங்க."

சீசவாத்துக்கு அந்த மாலை நினைவுக்கு வந்தது. பாவி, சிரித்திருக்கிறான்.

புவாலா அப்போதுதான் கோயிலிலிருந்து திரும்பிப் படியேறினாள். காலில் சேறு, கையில் வெறும் கூடை. அப்பா அம்மாவுக்கு இரண்டு பொட்டலம், தன் பிள்ளைகளுக்கு இரண்டு சின்னப் பொட்டலம் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். வருஷா வருஷம் வைப்பதுதான். கூச்சல் கேட்டு வந்தவள் குழந்தையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா" என்றான் சீசவாத். இந்த வீட்டில் அவன் கேட்கக் கூடாத கேள்வி அது, கேட்டுவிட்டான். "உங்க ரெண்டும்... கடைசியில எப்பிடி இருந்துச்சுங்க?"

புவாலா கூடையைக் கீழே வைத்தாள். "சமத்தா இருந்துச்சுங்க. ரெண்டும் கடைசி நாள்ல ஒரு சத்தம் போடலை. பழைய அம்மா மடியில வச்சுக்கிட்டா, அதான் அழலைன்னு எங்கம்மா சொல்லிச்சு."

"குரல் இல்லாம அழுதுச்சுங்களா?"

அவள் மறுபடி குழந்தையின் திறந்த வாயைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தவனுக்கு அதுவே போதுமாக இருந்தது. எஞ்சின் எண்ணெய் டின்னை எடுத்தான்.

"கீழ்முவாங் ஆஸ்பத்திரிக்குப் போறோம். தவீ, துணியை எடு."

"இன்னிக்கா? அமாவாசையில தண்ணி மேலயா? ஆறு கெடக்குற கெடையைப் பாத்தீங்களா?" புவாலா குறுக்கே வந்தாள். "அடுப்புப் பக்கத்துல இருக்குற பொம்பளை ஆத்துக் காத்துல உக்காந்தா என்னாவும்? மொதல்ல கையில கயிறு கட்டுவோம். பெரியவரைக் கூப்பிட்டு உசுரைத் திருப்பி அழைச்சுக் கட்டுவோம். நாளைக்குக் காலையில—"

"உங்க ரெண்டுக்கும் கயிறு கட்டலையா?"

அவன் அதட்டிச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னான். ஆனாலும் சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அவன் எதிர்த்துப் பேசிய முதல் பேச்சு அதுதான். புவாலா அவனுக்கு வழி விட்டு விலகினாள். பிறகு சாமி மாடத்திலிருந்து வெள்ளை நூல் கண்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நானும் வர்றேன். கயிறு கட்டுறதுக்குப் படகுல எடம் இருக்குமில்ல?"

ஆறு செம்மண் நிறத்தில் பெருகிப் போய்க்கொண்டிருந்தது. மரக்கட்டைகள் மிதந்து வந்தன. சீசவாத் வாலில் உட்கார்ந்தான். தவீயை அவனுக்கு எதிர்முகமாக, குழந்தையை மடியில் வைத்து உட்காரச் சொன்னான். அவளுக்குப் பின்னால் புவாலா. எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்னால் தவீயிடம் குனிந்து சொன்னான்.

"இதைக் கெளப்பிட்டா எனக்கு ஒண்ணும் கேக்காது. அதனால ஒண்ணு செய். அவ நெஞ்சைப் பாத்துக்கிட்டே இரு. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு வெரலை எனக்குத் தூக்கிக் காட்டு. நிறுத்தாத."

அப்படியே போனார்கள். இரண்டு பக்கமும் மலை. எஞ்சின் அலறியது. அவன் கண் ஒரு பார்வை தண்ணீரில், ஒரு பார்வை தவீயின் விரலில். விரல் தூக்கித் தூக்கி விழுந்தது. இவ்வளவு வேகமாகவா ஒரு பிள்ளை மூச்சு விடும்? அவன் விசையைக் கூட்டினான். புவாலா கிடைத்த இடைவெளியில் குனிந்து குழந்தையின் மணிக்கட்டில் நூலைச் சுற்றினாள். உதடு முணுமுணுத்தது. உயிரே வா, சோறிருக்கிறது வா, வீடிருக்கிறது வா என்று அழைக்கிற வழக்கமான வார்த்தைகள்தான். கேட்காமலே அவனுக்குத் தெரியும்.

பாறைகள் முட்டுகிற இடத்தில் படகு தூக்கிப் போட்டது. தவீ விளிம்பைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினாள். விரல் மறைந்துவிட்டது. சீசவாத்தால் கையை எடுக்கவும் முடியாது, எழவும் முடியாது. பிடி நழுவினால் நாலு பேரும் பாறையில். "வெரலு! வெரலு!" என்று கத்தினான். அவன் கத்தியது அவனுக்கே கேட்கவில்லை. அப்போது தவீயின் தோளுக்கு மேலே இன்னொரு கை எழுந்தது. காய்த்துப்போன, நூல் சுற்றிய கை. புவாலா முன்னால் சாய்ந்து குழந்தையின் நெஞ்சில் கண்ணை வைத்துக்கொண்டு, ஒரு விரலைத் தூக்கினாள். இறக்கினாள். தூக்கினாள். ஆற்றின் முரட்டு இடம் முடிந்து துறை கண்ணில் படும்வரை அந்தக் கை இறங்கவேயில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாதான் இருந்தாள். வயது தவீயைவிட ஒன்றிரண்டு கூட இருக்கலாம். குழந்தையை வாங்கி, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, வயிற்றை அழுத்திப் பார்த்து, கடைசியில் தன் காதையே அதன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"எத்தனை நாளா சத்தம் வரலை?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"என் காதுதான் போச்சுன்னு நெனச்சேன், டாக்டரம்மா" என்றான் சீசவாத்.

அவள் அதற்குச் சிரிக்கவில்லை. தவீயின் பக்கம் திரும்பினாள். "என்ன சாப்பிடுறம்மா?"

தவீ தரையைப் பார்த்தாள். சீசவாத்தான் முந்திக்கொண்டு சொன்னான். இவ்வளவு பயத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது. "வெள்ளை ஒட்டரிசி, வறுத்த உப்பு, இஞ்சி, சித்தரத்தை. வேற ஒண்ணும் இல்லீங்க. மூணு மாசமா ஒரு பயறுகூட வாயில படலை. அக்கா அவ்வளவு சுத்தமா பாத்துக்கிட்டாங்க. நானும்தான்."

டாக்டரம்மா நேராக அலமாரிக்குப் போய் ஒரு சின்ன மருந்துக் குப்பியை உடைத்தாள். ஊசி போட்டாள். தவளை வாயைத் திறந்தது. சத்தமில்லாமல் அழுதது. அதைப் பார்க்க முடியாமல் சீசவாத் சுவரில் ஒட்டியிருந்த கொசுப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு இறங்கியது.

"புள்ளைக்குச் சீக்கு இல்லை. பட்டினி" என்றாள் டாக்டரம்மா, ஊசியைக் கீழே வைத்துவிட்டு. "பால் இருக்கு. பால்ல இருக்க வேண்டிய ஒரு சத்து இல்லை. தீட்டின வெள்ளைச் சோறும் உப்பும் மட்டும் தின்னா அது தாய்க்கும் வராது, புள்ளைக்கும் வராது. அதான் இவங்களுக்குக் கால் மரத்துச்சு, இவளுக்கு நெஞ்சு தவிக்குது, குரல் போச்சு. கறி, முட்டை, பயறு, கடலை... எதெல்லாம் வேண்டாம்னு வச்சீங்களோ அதெல்லாம் வேணும்."

பிறகு புவாலாவின் இடுப்பில் தொங்கிய நூலைப் பார்த்தாள். குழந்தையின் மணிக்கட்டையும் பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"கயிறு கட்டுறதை நான் வேண்டாங்கலை. எங்கம்மாவும் எனக்குக் கட்டுவாங்க. ஆனா பால் குடிக்காத புள்ளை, மூச்சு வாங்குற புள்ளை, திடீர்னு ஊமையாப் போன புள்ளை, இதுங்களைப் பாத்தா காத்திருக்காதீங்க. இன்னிக்குக் கட்டின மாதிரி படகுல வச்சுக் கட்டுங்க. நீங்க நாளைக்கு வந்திருந்தா..."

வெயில் சாய்வதற்குள் குழந்தையின் விலா குழிவது நின்றுவிட்டது. உதட்டில் இருந்த நீலம் போய்ச் சிவப்பு வந்தது. தவீ பயந்து பயந்து மார்பில் வைத்தாள். அது பிடித்துக்கொண்டது. சப்பியது. விடாமல் சப்பியது. தவீ அழுதுகொண்டே, "கடிக்கிறா, ஏங்க, கடிக்கிறா" என்று ஏதோ பரிசு கிடைத்த மாதிரி சொன்னாள். இவ்வளவு சீக்கிரமா, ஒரு ஊசியிலா என்று சீசவாத் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். குரல் மட்டும் மெள்ளத்தான் வரும், தொண்டை நரம்பு சோர்ந்துபோயிருக்கிறது, சில நாளாகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள்.

புவாலா வெளியே மரத்தடி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். சீசவாத் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மாப்ள, காது வந்திருச்சா?"

"வந்திருச்சுக்கா."

"அப்பக் கேக்குறேன்." அவள் அவனைப் பார்க்கவில்லை. விரலில் நூலைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "என்னோட ரெண்டும் இதேதானா?"

எஞ்சின் இன்னும் ஓடுகிறது என்று சொல்லி வழக்கம்போலச் சிரித்து வைத்திருக்கலாம். ஒரு கணம் அந்த ஆசை வந்தது. ஆனால் சிரித்துச் சிரித்துத்தானே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றியது அவனுக்கு.

"அப்பிடித்தான் இருக்கும் போல அக்கா."

புவாலா தலையை ஆட்டினாள். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டேயிருந்தாள். "நான் ஒரு வாய்கூட மீறலையே மாப்ள" என்றாள். "வீட்டுல கறி வெந்தப்பக்கூட மூக்கைப் பொத்திக்கிட்டுச் சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தேன். எவளாவது என்னை மாதிரி பத்தியம் இருந்திருப்பாளா? ஒரு வாய்... ஒரு வாய் திருடித் தின்னிருந்தாக்கூட..."

சீசவாத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மனைவியின் அக்காவைத் தொட்டு ஆறுதல் சொல்கிற வழக்கம் அங்கே கிடையாது. அவள் விரலில் சுற்றியிருந்த நூலை வாங்கி ஒரு முழம் அறுத்தான். அவள் மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டான். உயிரே வா, வீடிருக்கிறது வா என்று அவனுக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னான். பாதியில் வார்த்தை மறந்துபோய்த் திக்கினான்.

"அது அப்பிடி இல்ல மாப்ள, மொதல்ல சோத்தைச் சொல்லணும்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே திருத்தினாள் புவாலா.

பிறகு எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு சந்தைப் பக்கம் நடந்தாள். அமாவாசைக்குக் கடை பாதிதான் திறந்திருந்தது. திரும்பி வரும்போது இலையில் பன்றிக்கறி இருந்தது, பச்சைப் பயறு இருந்தது, நிலக்கடலை இருந்தது, முட்டையும் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நோயாளிகளுடைய ஆட்கள் சமைக்கிற அடுப்பில் உட்கார்ந்து, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சமைத்தாள். தட்டைத் தவீயின் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். தவீ கையை நீட்டவே பயந்தாள். அக்காவையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன பாக்குற? தின்னு. நானே ஊட்டணுமா?" என்று அதட்டினாள் புவாலா. அதட்டிவிட்டு ஊட்டினாள். அடுத்து வந்த நாட்களிலும் வேளை தவறாமல் ஊட்டினாள். சட்டம் போட்டவளே சட்டத்தை மாற்றிவிட்டாள்; புதுச் சட்டத்தையும் பழைய கண்டிப்போடுதான் நடத்தினாள். போதும் என்று தவீ சொன்னால் அடி விழுந்துவிடும் போலிருந்தது.

ஊருக்குத் திரும்புகிற அன்று ஆறு கொஞ்சம் வடிந்திருந்தது. தவீயின் மடியில் தவளை கொழுகொழுவென்று கால் உதைத்துக்கொண்டிருந்தது. குரல் இன்னும் வரவில்லை. அழும்போது தொண்டையில் காற்று உரசுகிற மாதிரி ஏதோ வரும், அவ்வளவுதான். வரும் வரும் என்று டாக்டரம்மா சொல்லி மாத்திரைகளும் கொடுத்து அனுப்பினாள். சீசவாத் எஞ்சினைக் கிளப்பினான். தவீ எதிர்முகமாக உட்கார்ந்தாள். புவாலா பயற்று மூட்டையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆறு அகலமாக விரிகிற இடத்தில் தவீ சட்டென்று கையைத் தூக்கி ஆட்டினாள். சீசவாத் பார்த்தான். தவளை அழுதுகொண்டிருந்தது. வாய் ஆவென்று திறந்திருந்தது, கண் இறுக்கி மூடியிருந்தது, நாக்கு துடித்தது. அமாவாசைக் காலையில் பார்த்த அதே முகம். தவீ எதையோ கத்தினாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

எஞ்சினை நிறுத்தினான்.

படகு கொஞ்ச தூரம் தானாகப் போய், பிறகு நீரோட்டத்தோடு பக்கவாட்டில் திரும்ப ஆரம்பித்தது. அவன் மண்டைக்குள் எஞ்சின் இன்னும் நிற்கவில்லை. கையைப் பிசைந்துகொண்டு, பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டு, காது வந்து சேரட்டும் என்று காத்திருந்தான். இத்தனை வருஷத்தில் அதற்காக அவன் இப்படித் தவித்ததில்லை. முதலில் படகின் வயிற்றில் தண்ணீர் தட்டுகிற சத்தம் வந்தது. பிறகு கரையில் ஏதோ பறவை. பிறகு, கரகரவென்று, உடைந்து, ஈர மண்ணுக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி அவன் பிள்ளையின் குரல்.

தவளைதான். சந்தேகமேயில்லை.

புவாலா பயற்று மூட்டையைப் போட்டுவிட்டு எழுந்து நின்றாள். படகில் எழுந்து நிற்கக் கூடாது என்று சொல்கிறவளே அவள்தான். ஆற்றையும் மலையையும் வானத்தையும் சுற்றிப் பார்த்தாள். யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்பது போலத் தொண்டை கிழியக் கத்தினாள்.

"ச்சீ! என்ன கேவலமான குரல் இது! இதைக் கேட்டா எவளாவது தூக்குவாளா? காது கூசுது! எவளுக்கும் வேணாம் இந்தப் புள்ளை, எவளுக்கும் வேணாம்! எங்ககிட்டயே கெடந்து தொலையட்டும்!"

அவள் கன்னத்தில் வழிந்த கண்ணீர் மோவாயில் சொட்டிக்கொண்டிருந்தது. தவீ குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அது இன்னும் பலமாகக் கத்தியது.

"ஆமாக்கா" என்றான் சீசவாத், அவனும் நாலு திசைக்கும் கேட்கிற மாதிரி. "ரொம்பக் கேவலம். சகிக்கலை."

படகு அதன் போக்கில் மிதந்துகொண்டிருந்தது. அந்தப் பிள்ளை அழுது ஓயும்வரை அவன் எஞ்சினைத் தொடவில்லை.